ஆர்கானுக்கு என்ன அர்த்தம்

என் மாமாவுக்கு எந்தச் சொல்லையும் முழுதாக விட்டுவைக்கப் பிடிக்காது. கையில் கிடைத்ததை உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். சொற்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

அவர் என் அம்மாவின் அண்ணன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில், இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயே தீர வேண்டிய ஒரு சந்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்தார். எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அது மாமாவின் வீடு. நாங்கள் மாடியில் இருந்த ஒற்றை அறையில் இருந்தோம்.

காலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச், சாயங்காலம் இரண்டு பேட்ச். மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வருவார்கள், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து காரில் வந்து இறங்குவார்கள், தி.நகரிலிருந்து பஸ் பிடித்துத் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள். மெடிக்கல், இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ் பரீட்சைக்கு ஊரே பேயாய் அலைந்த காலம். மற்ற டியூஷன் வாத்தியார்கள் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மாமா மட்டும் 'ரூட்' சொல்லிக் கொடுத்தார். வேதியியலில் எந்தப் பெயரும் சும்மா வைத்ததில்லை, அதன் வேரைப் பிடித்துவிட்டால் பொருள் தானாகப் பின்னால் வரும் என்பது அவர் கட்சி. புரோமினா? கிரேக்கத்தில் துர்நாற்றம். குளோரினா? வெளிர்பச்சை. அயோடின், ஊதா. ஹைட்ரஜன், தண்ணீரைப் பெற்றெடுத்தது. ஆக்சிஜன், அமிலத்தைப் பெற்றெடுத்தது. இதைச் சொல்லும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்திச் சிரிப்பார். "பேர் வெச்சவன் தப்பா வெச்சுட்டான்டா. எல்லா அமிலத்துலயும் ஆக்சிஜன் இருக்கும்னு நெனச்சான். இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுபோச்சு. ஆனா வெச்சது வெச்சதுதான். இருநூறு வருஷமா மாத்த ஒரு ஆள் இல்ல."

இந்தச் சொல் உடைப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. பேட்சில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிமத்தின் பெயர் விழுந்துவிடும். கிரிக்கெட் ஆடிவிட்டு வியர்வையோடு நேராக வந்து உட்காரும் பையன் புரோமின். கொஞ்சம் உரசினாலே அழுதுவிடும் பெண் சோடியம். மாமாவிடம் பெயர் வாங்காமல் இருப்பதுதான் அங்கே அவமானம். பெயர் விழுந்த அன்று அந்தப் பிள்ளைகள் ஏதோ மெடிக்கல் சீட்டே கிடைத்துவிட்டதுபோல வீட்டுக்குப் போவார்கள். பத்து வயதான எனக்கும் ஒரு பெயர் இருந்தது. லித்தியம். கிரேக்கத்தில் கல் என்று அர்த்தம். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். மாமா கேட்கும்போது சார்ட்டைத் தூக்கிக் காட்டுவது என் வேலை. அந்தப் பெருமையில் எனக்குத் தலை கால் புரியாது.

அப்பாவுக்குக் கூடத்துக்குள் வேலை கிடையாது.

அப்பா பதினேழு வருஷம் அம்பத்தூர் பக்கம் ஒரு பல்பு தொழிற்சாலையில் இருந்தார். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் மாதம் பந்தல் நிறைய ஆட்கள். மழைக்காலம் வந்தபோது பந்தலில் கீற்றும் அப்பாவும் இன்னும் நாலு பேரும் மட்டும் மிச்சம். அதற்கப்புறம்தான் நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமா வீட்டு மாடிக்கு வந்தோம். வரச் சொன்னது மாமாதான். அதை நான் மறைக்கக் கூடாது. அவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கோபத்தை வைக்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

வந்த மறுநாளிலிருந்து அப்பா, யாரும் சொல்லாமலே, வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். விடிவதற்கு முன்னே ஜமக்காளம் விரிப்பார். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, அது காய்ந்த பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பார். பானையில் தண்ணீர் பிடித்து வைப்பார். பிள்ளைகள் வாசலில் உதறிவிட்டுப் போகும் செருப்புகளை ஜோடி ஜோடியாக, முனை தெருவைப் பார்க்கும்படி, வரிசையாக அடுக்குவார். திரும்பிப் போகும்போது காலை விட்டுக்கொண்டு நேரே நடக்கலாம். தொழிற்சாலையில் பல்புகளை டிரேயில் அடுக்கிய கை அது என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. என் அப்பா மற்றவர்கள் செருப்பைத் தொடுவதை அந்தப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று இருக்கும்.

வகுப்பு நடக்கும்போது கூடத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். குக்கர் விசில், கீரைக்காரி குரல் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு. ஆகவே உள்ளே நடப்பது எதுவும் அப்பாவுக்குக் கேட்காது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

அன்றைக்கு மந்த வாயுக்கள் பாடம். ஹீலியம், சூரியன். நியான், புதுசு. கிரிப்டான், ஒளிந்திருப்பது. ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்த மாமா ஆர்கானுக்கு வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தார். அதைக் கையால்தான் சொல்ல வேண்டும்போல.

"கிரேக்கத்துல 'எர்கோன்'னா வேலை. முன்னாடி ஒரு 'அ' போட்டா இல்லைன்னு அர்த்தம். நம்ம நீதி, அநீதி மாதிரிதான். அ, எர்கோன். ஆர்கான். வேலை இல்லாதது. அதாவது சோம்பேறி. இது யாரோடயும் சேராது. நீ என்ன பண்ணினாலும் பதில் சொல்லாது. சும்மா நிக்கும்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தீரும் நிலையில் இருந்த சாக்பீஸுக்குப் பதிலாகப் புதுப் பெட்டியோடு அப்பா நின்றார். வாசற்படியில், உள்ளே வரலாமா கூடாதா என்று, சும்மா.

மாமா அப்பாவைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். அவரால் அடக்க முடியவில்லை.

"வந்தாச்சு பாரு, ஆர்கான்!"

முப்பது வாய் ஒரே நேரத்தில் திறந்தது. அப்பாவுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. "ஆர்கானா? அது எனக்கு நல்லாத் தெரியுமே மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பை அடக்க மாமாவால் பத்து நிமிஷம் முடியவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, நானும் சிரிக்கிறேன் என்று தெரிந்ததும் இன்னும் தாராளமாகச் சிரித்தாள். சாக்பீஸ் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, அப்பாவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அவர் 'ஆர்கான் சார்' ஆனார். "ஆர்கான் சார், குட் மார்னிங்." "ஆர்கான் சார், என் சைக்கிள் சாவி பாத்தீங்களா?" அதுவரை அவரை அந்தப் பிள்ளைகள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹலோ என்பார்கள், இல்லாவிட்டால் கையைக் காட்டுவார்கள். இப்போது அவருக்கு ஒரு பெயரும், பின்னால் ஒரு சாரும் கிடைத்துவிட்டது. அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கிளிப்பைப் பிடுங்கிக் கொடுக்க, அப்பா மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, உங்க மாமா எல்லாத்துக்கும் ரூட்டு சொல்வாருன்னு பசங்க பேசிக்கறாங்களே. ஆர்கானுக்கு என்ன சொன்னாரு?"

சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. 'அ', 'எர்கோன்' எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் என் பாவாடையை மடிக்கிற வேலையை நிறுத்திவிட்டு, பரீட்சை மார்க்கைக் கேட்கிற பிள்ளைபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை.

"உயர்ந்த வாயுன்னு அர்த்தம்ப்பா. நோபிள் கேஸ். ராஜ குடும்பம் மாதிரி. மத்ததோட சும்மா போய்ச் சேராது."

முழுப் பொய்யும் இல்லை. பாடப் புத்தகத்திலேயே அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. அர்த்தம் கேட்டவருக்கு நான் குடும்பப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"உங்க மாமாவா அப்படிச் சொன்னாரு? என்னைப் பத்தியா?" என்றார். மடித்த துணியையே மறுபடி மடித்தார். அப்புறம், கேட்காமலே, தான் வேலை பார்த்த மெஷினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தொழிற்சாலை மூடியதிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

"பல்புக்குள்ள இருக்கற காத்தை முதல்ல மொத்தமா உறிஞ்சிடுவோம். காத்து இருந்துச்சுன்னா சுவிட்ச் போட்ட உடனே கம்பி எரிஞ்சு போயிடும். சரி, வெறுமையா விடலாம்னா, கம்பி சூட்டுல கரைஞ்சு கரைஞ்சு கண்ணாடி கறுத்துப்போவும். அதுக்குத்தான் ஆர்கான். சிலிண்டர்ல ஆர்கான்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், பதினேழு வருஷமா தினம் பாத்த எழுத்து. அதை உள்ள விட்டுட்டு பல்போட கண்ணாடி மூக்கை உருக்கி மூடிடுவோம். அது ஒண்ணும் பண்ணாது பாப்பா. கம்பியைச் சுத்தி சும்மா நிக்கும். அப்படி நிக்கறதுதான் அதோட வேலை. அது நிக்கறதாலதான் கம்பி எரியாம வெளிச்சம் மட்டும் குடுக்குது."

எனக்கு அது சுவாரசியமாகவே இல்லை. கிளிப்புகளை எண்ணிக் கூடையில் போட்டுவிட்டுக் கீழே ஓடிவிட்டேன்.

புரட்டாசி கடைசியில் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. விஜயதசமியன்று புது பேட்ச் ஆரம்பம். வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்ட வேண்டும். பலகை விஷயத்தை அப்பாவிடம் விட்டார். சமையலறை வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மாப்ள, பலகை உங்க பொறுப்பு. பெரிசா கெமிஸ்ட்ரி டியூஷன்னு இருக்கணும், அவ்வளவுதான். மேல சயின்ஸா ஒரு நல்ல பேரு போட்டுடுங்க. எங்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்க வேணாம், எனக்கு நேரமில்ல."

அப்பாவிடம் அந்த வீட்டில் யாரும் ஒரு முடிவை விட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு தேனாம்பேட்டைக்கு நடந்தார். அங்கே ஒரு சந்தில் பலகை எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். கோடம்பாக்கத்தில் சினிமா கட்அவுட் வரைந்து வந்த ஆள். அந்த வேலை குறைந்ததால் மருந்துக்கடைக்கும் டைப்ரைட்டிங் வகுப்புக்கும் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். மேலே 'ஆர்கான்', கீழே 'கெமிஸ்ட்ரி டியூஷன் சென்டர்'. தமிழிலும் ஆங்கிலத்திலும்.

"இன்னா சார் இது ஆர்கானு? சாமி பேரா?"

"கேஸுங்க. பல்புக்குள்ள இருக்கும்."

"அப்டியா! நம்ம தலைக்கு மேல எரிஞ்சிகினு கீதே, அதுக்குள்ளயா?" அவர் தலையைத் தூக்கிக் கடையின் குண்டு பல்பை ஒரு கணம் பார்த்தார். "பாரேன். இத்தினி வருசமா எனக்குத் தெரியாம உள்ள ஒருத்தன் குந்திகினுகீறான். அப்ப சைடுல ஒரு பல்பு போட்ருவோம் சார், சோக்கா இருக்கும். நீ இன்னா சொல்ற நைனா?"

கடைசிக் கேள்வி என்னிடம். மெட்ராஸ் பாஷையில் பெண் பிள்ளையும் நைனாதான். நான் தலையை ஆட்டினேன்.

எழுதி முடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். நீலத்தில் வெள்ளை எழுத்து. முதலில் ஆவன்னாவின் வளைவு. அப்புறம் ரகரம். அதன் தலையில் ஒரு புள்ளி. அவர் பிரஷ்ஷைத் தோய்க்கும் ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா, அது வேண்டாம்ப்பா, வேறு பேர் வைக்கலாம். அவ்வளவு போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் 'உயர்ந்த வாயு' என்று நான் சொன்னது பொய் என்று அப்போது வெளியே வந்துவிடும். எழுத்து முடிந்தது. பல்பும் முடிந்தது, மஞ்சள் கதிர்களோடு. அப்பா ஈரப் பலகையை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, வழியில் யார்மீதும் பட்டுவிடாமல், மயிலாப்பூர்வரை நடந்தே வந்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

ஆயுத பூஜையன்று புத்தகங்களுக்கு நடுவில் அவருடைய பொருள்களும் இருந்தன. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், தொழிற்சாலையிலிருந்து கடைசியாகக் கொண்டுவந்து இதுவரை ஒருமுறைகூட ஏற்றாத ஒரு பல்பு. அம்மா பல்புக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். பலகை பழைய வேட்டிக்குள் சுற்றப்பட்டுச் சுவரோரம் இருந்தது. மாமா பிரித்துப் பார்க்கப் போனார். "நாளைக்குப் பாருங்க மச்சான்" என்று அப்பா தடுத்துவிட்டார். அவர் மாமாவைத் தடுத்து நான் பார்த்ததில்லை. நான் அன்று ராத்திரி ஜுரம் வர வேண்டும் என்று சரஸ்வதியிடம் வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

விஜயதசமி காலையில் சந்து கொள்ளவில்லை. பிள்ளைகள், பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், சந்தின் பாதியில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்த இரண்டு கார்கள். பலகையை அப்பா முன்னதாகவே ஏணி போட்டு மாட்டியிருந்தார். அதன்மேல் அந்தப் பழைய வேட்டி தொங்கியது. வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி இட்டு, ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். நான் பொரிகடலைத் தட்டோடு அம்மாவுக்கு முன்னால் நின்றேன். மாமா வேட்டி நுனியை இழுத்தார்.

பழைய பேட்ச் பையன் ஒருவன்தான் முதலில் வெடித்தான். பிறகு எல்லோரும். மாமா பலகையை நிமிர்ந்து படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்ள! கடைசில உங்க பேரையே போட்டுட்டீங்களா!"

அப்போதும் அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், புது பேட்ச்சில் மகனைச் சேர்த்திருப்பவர், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "ஆர்கான்னா என்ன சார் அர்த்தம்?" என்று மாமாவைக் கேட்டார்.

அந்த இடத்தில் மாமா நினைத்திருந்தால் நான் சொன்ன அதே அரைப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். உயர்ந்த வாயு என்றிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவரிடம் ஒரு சொல்லின் அர்த்தத்தைக் கேட்டுவிட்டார்கள். அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை. எர்கோன் என்றால் வேலை, முன்னால் ஒரு 'அ', நீதி, அநீதி, வேலை இல்லாதது, சோம்பேறி. வகுப்பில் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு, அதே கையசைவோடு, ஒரு எழுத்து குறையாமல் தெருவில் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருடைய கை அப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று காட்டினாரா, பழக்கத்தில் போய் நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவின் சிரிப்பு உடனே போகவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

"பல்புல அதைத்தான் மச்சான் அடைப்போம்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை.

"அர்த்தம் தெரியாமயா வெச்சீங்க? யாரு மாப்ள உங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னது?"

அப்பாவின் கண் கூட்டத்தைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. நான் தட்டில் இருந்த கடலையைப் பார்த்தேன். ஒவ்வொரு கடலையாகப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலை மச்சான். கம்பெனில பாத்த பேரு. நானாத்தான் போட்டுட்டேன்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என்மேல் சந்தேகம் வரும் என்று அந்தப் பத்து வயது மூளை கணக்குப் போட்டது. அப்பா அதைப் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன்.

அம்மா என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். "போதும்ண்ணா" என்று மாமாவிடம் சொன்னாள். "ஏய், தமாஷுக்குத்தானே சொன்னேன், மாப்ளயே சிரிக்கறாரு பாரு" என்றார் மாமா. அந்தக் குரலில் அவருக்கும் என்னவோ உறைத்ததுபோல் இருந்தது. புது பேட்ச்சை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்து காலியானதும் அப்பாவே ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், மூடி உடைந்து கிடந்த சிமெண்ட் தொட்டியின்மேல் எழுத்து தண்ணீரைப் பார்க்கும்படி கவிழ்த்து மூடினார். அளவு சரியாக இருந்தது. பிறகு வாசலுக்கு வந்து, உள்ளே போன பிள்ளைகளின் செருப்புகளை வழக்கம்போல ஜோடி ஜோடியாக அடுக்கினார்.

மத்தியானம் நான் மாடியில் ஒளிந்துகொண்டிருந்தேன். தொட்டிக்குப் பின்னால். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் அன்றைக்கு விழும் என்றுதான் இருந்தேன். அவர் வந்து தொட்டியின் விளிம்பில், அந்தப் பலகைமேலேயே உட்கார்ந்தார்.

"பாப்பா. உனக்கு அர்த்தம் முன்னாடியே தெரியுமா?"

நான் தொட்டிச் சுவரின் சிமெண்டை நகத்தால் சுரண்டினேன்.

"தெரிஞ்சிருந்தாலும் பரவால்ல. திட்ட மாட்டேன். சும்மாதான் கேக்கறேன். அன்னைக்குத் துணி எடுக்கும்போது எங்கிட்ட சொன்னியே. தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

திட்ட மாட்டேன் என்று பெரியவர்கள் சொன்னால் என்ன நடக்கும் என்பது பத்து வயதில் எல்லோருக்கும் தெரியும். நான் அழுவதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சத்தியமா தெரியாதுப்பா. எனக்கு யாரும் சொல்லல."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு, "தெரியாதா? சரி, சரி" என்று எழுந்தார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கீழே ஓடி, மிச்சமிருந்த பொரிகடலையைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு தின்றேன். அவ்வளவு பசி.

அடுத்த மாதம் அப்பா தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலைக்குப் போனார். எட்டு மணி நேரம் ஒரு பெட்டிக்குள் நிற்கும் வேலை. மாமாவோடு சண்டையெல்லாம் இல்லை. எந்த வீட்டிலும் நடப்பதுபோல எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம், கல்யாணங்களுக்குப் போனோம். பலகை விஷயத்தை அப்பா அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை. பெயர் மட்டும் போகவில்லை. தெருவில் பார்க்கிற பழைய பேட்ச் பிள்ளைகள், டாக்டரான பிறகும், "ஆர்கான் சார், எப்படி இருக்கீங்க?" என்று ஸ்கூட்டரை நிறுத்தி விசாரிப்பார்கள். பிரியமாகத்தான் கேட்பார்கள். அவர் இறந்த அன்று ஒருவன் வந்து, பெயர் தெரியாததால், "ஆர்கான் சார் வீடு இதுதானே?" என்று வாசலில் கேட்டான். இதுதான் என்று நான்தான் சொன்னேன்.

அப்பா கோபத்தில் கேட்கிறார் என்றுதான் அன்று மாடியில் நினைத்தேன். என் பொய்யைக் கண்டுபிடிக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். தெரு முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரித்த ஒரு நாளில், மகளும் சிரித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒரு மனிதர் அதைவிடச் சின்ன ஒன்றைத் தேடிக்கொண்டு மாடிப்படி ஏறி வரக்கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியும் என்று சொல்லியிருந்தால் போதும். அர்த்தம் தெரிந்தும், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்த வீட்டில் ஒருத்திக்காவது வாய் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கேட்டது அதை மட்டும்தான். நான் தெரியாது என்று சத்தியம் செய்தேன்.